கழுவாத சாறன்

பூன மூத்திரம் நஜீஸ், அசுத்தம் எண்டு எனக்கு ஆரும் படிச்சுத் தரத் தேவையில்ல. நானும் ஓதின புள்ளதான். ஆனா என்ட ராத்தா, கூடப் பொறந்த மூத்தவ கைருன்னிஸா ஒரு நாளைக்கு ஒம்பது தரம் அதச் சொல்வா. என்ட மாப்பிள றிஷாட் மௌத்தாகி என்னத் தனிய உட்டுட்டுப் போன நாளிலருந்து எனக்குத் துணையா வந்து நிக்கிறா. சோறாக்குறா, வாறவங்களக் கவனிக்கிறா, நல்ல மனுசி. வாய்தான் சரியில்ல. எனக்கும் சரியில்ல எண்டு வைங்களன்.

கத்தத்துக்கு முதல் நாள் காலையிலயும் வந்து வாசலில நிண்டா.

"நாளைக்கு அவருக்கு நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறது, பஸ்மிலா. ஊடு நிறைய ஆக்கள் வருவாங்க. உன்ட பூனக்குட்டி இன்னொருக்கா எங்கயும் பேஞ்சுதெண்டா, உன்ட மச்சானுக்கிட்டச் சொல்லி சாக்கில போட்டு மீன் சந்தையில உடச் சொல்லுவன்."

மீன் சந்தை நாய்கள எனக்குத் தெரியும். இந்தக் குட்டி அங்க ஒரு நாள் தாங்காது. கொண்டு போனா பின்னால போய்த் தேடவும் ஏலா. நான் இத்தாவில இருக்கன். நாலு மாசமும் பத்து நாளும் வாசல் தாண்டுற இல்ல.

குட்டிட பேர் கச்சான். என்ட மாப்பிள மீன் லொறி ஓட்டினவர். ஒரு நாள் லொறி சீட்டுக்குக் கீழ கிடந்தத சேட்டுக்குள்ள போட்டுக் கொண்டு வந்தார். அவிச்ச கச்சான் கடலைட நிறம், அதால அந்தப் பேர். மீன்பெட்டி மூடி ஒண்டில கடல் மண்ணப் பரப்பி, பின் விறாந்தை மூலையில வச்சு, பக்கத்தில குந்தியிருந்து கையால கிண்டிக் காட்டினார். "நீங்க என்ன பூனையா" எண்டு கேட்டன். குட்டி மூணு நாளில பழகிட்டு. அதுக்குப் பிறகு ஒரு சொட்டு வெளிய பேஞ்சதில்ல.

அவர் மௌத்தான அண்டைக்குக் குளிப்பாட்டினதும் அந்த மூலையிலதான். கட்டில் போட்டு, சீல மறைச்சு, கற்பூரத் தண்ணி ஊத்தினாங்க. அந்த மண் போட்ட மூடிய ஆரோ காலால தள்ளி உட்டுட்டாங்க. குட்டி ரெண்டு நாள் அலுமாரிக்குக் கீழ கிடந்துது. நான் அத நினைக்கிற நிலையிலயா இருந்தன்.

பிறகு எனக்கு நினைப்பு வந்து, மூடிய டெற்றோல் போட்டுத் தேச்சுக் கழுவி, புது மண் போட்டு, அதே மூலையில வச்சன். கச்சான் கிட்டவும் போகயில்ல. நேர வந்து தொழுற பாயில பேஞ்சுது. ரெண்டு நாள் கழிச்சுத் தலகணியில. பிறகு அலுமாரிக் கதவில. பட்ட காலிலயே படும் எண்டு சும்மாவா சொல்றாங்க.

அண்டைக்கு ராத்தா போன பிறகு மிருக வைத்தியருக்கு போன் கோல் எடுத்தன். மூத்திரத்தில ரத்தம் வருதா, முக்குதா எண்டு கேட்டார். இல்ல எண்டன். "அப்ப நோய் வருத்தம் இல்ல, பயம். அந்த மூலைய உடுங்க. டெற்றோல் மணம் பூனைக்கு ஆகாது. ஒரு அறைக்குள்ள வச்சுக்கொள்ளுங்க. அது பேஞ்ச துணி ஒண்ட மண்ணுக்கு மேல போடுங்க, தானா வரும்" எண்டார்.

ராத்தாட மாப்பிள, என்ட மச்சான், முணுமுணுத்துக்கொண்டு ஒரு வாளி கடல் மண் அள்ளி வந்தார். மூடிய வெறும் தண்ணியில அலசி என்ட அறைக்குள்ள வச்சன். நானும் கச்சானுமா ஒரே அறையில இத்தா இருந்தம்.

பேஞ்சு கழுவாத துணி எண்டு என்னட்ட ஒண்டுதான் இருந்துது. ஏழாம் நாள் அவர்ட உடுப்பெல்லாம் ராத்தா ஏழைகளுக்குக் குடுத்திட்டா. ஒண்ட மட்டும் நான் ஒளிச்சு வச்சன். கடைசிக் காலையில அவர் இடுப்பிலருந்து கழட்டிப் போட்ட நீலக் கட்டம் போட்ட சாறன், கழுவாதது. டீசலும் மீனும் வேர்வையும் மணக்கும். அத முதல்ல தொழுற பாய்க்குள்ள சுருட்டி வச்சன். பாய் நனைஞ்ச பிறகு தலகணி உறைக்குள்ள. அங்க அதுட ஓரம் நனைஞ்ச பிறகு அலுமாரிக்குள்ள.

மூணு இடமும் ஏன் எண்டு அப்பதான் விளங்கிச்சு. குட்டி அவரத் தேடித்தான் போயிருக்கு. நான்தான் அவர ஊடு முழுக்க ஒளிச்சு வச்சிருந்தன்.

நனைஞ்ச ஓரத்த மட்டும் வெட்டி மண்ணில போட்டன். கச்சான் வந்து மணந்து பாத்துது. பிறகு திரும்பிப் போய் அலுமாரிக் கதவச் சுரண்டிக்கொண்டு கத்திச்சு. மிச்சம் எங்க இருக்கோ அங்கதான் அது போகும். குசினியில ராத்தா நாளையச் சமையலுக்குத் தேங்கா துருவுற சத்தம் கேட்டுது. எனக்கு அவர் மேல ஆத்திரம் வந்துது. லொறிச் சீட்டிலயே நெஞ்சப் புடிச்சுக்கொண்டு போய்ச் சேந்திட்டார், குட்டிய என்ட தலையில கட்டிப்போட்டு.

சாறன வெளிய எடுத்தன். முகத்தில வச்சு ஒருக்கா நல்லா மூச்ச இழுத்தன். பிறகு முழுசா மண்ணுக்கு மேல விரிச்சன்.

கச்சான் ஏறிச்சு. ரெண்டு தரம் சுத்திச்சு. குந்திச்சு. நான் பாத்துக்கொண்டே இருந்தன். முடிஞ்ச பிறகு ரெண்டு கையாலயும் மண்ண இழுத்து இழுத்து அதுக்கு மேல போட்டுது. கடைசியில நீலம் ஒரு துண்டும் தெரியயில்ல.

அவர மையவாடிக்கு அடக்கக் கொண்டு போனப்ப எனக்கு அழுக வரயில்ல. அண்டைக்கு, அந்த மூடிக்குப் பக்கத்தில இருந்து அழுதன்.

ராத்தா எட்டிப் பாத்தா. "மண்ணிலயா பேஞ்சுது? சரி, குட்டி இஞ்சயே இருந்திட்டுப் போகட்டும்" எண்டா.

மறுநாள் கத்தத்துக்கு வந்த பொம்புளயள் என்ட அறைக்குள்ள பாய் விரிச்சு இருந்தாங்க. கச்சான் என்ட மடியில. பூன இருக்கிற ஊடு மாதிரியே இல்ல, ஒரு மணமும் இல்லாமத் துப்புரவா இருக்கு எண்டு ஒருத்தி சொன்னா.

ஓம், ஒரு மணமும் இல்ல எண்டன்.