ரேடியேட்டருக்குள் லவங்கம்

அடி அண்ணாமலை கிராமத்துச் சரசுவின் பழைய டீசல் ஜீப் கொதிக்காத நாளே இல்லை என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் நிற்கும். நேற்று செங்கம் ரோட்டிலேயே படுத்துவிட்டது. பிள்ளைகள் ஆட்டோ பிடித்துப் போனார்கள். அவள் புருஷன் தருமனுக்குப் பொறுமை போய்விட்டது. பழைய இரும்புக் கடை அன்பரசனுக்குப் போன் போட்டு, "நாளைக்கு சாயந்தரம் வந்து தூக்கிக்கினு போப்பா" என்று சொல்லியும்விட்டான்.

சரசு வண்டி ஓட்டக் கற்றதே அதில்தான். அது போனால் மறுபடியும் அடுத்தவர் கழனியில் குனிய வேண்டியதுதான். அந்தக் கவலை ஒரு பக்கம் இருக்க, இன்னொரு அரிப்பும் அவளை விடவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறோம், பிறகு ஏன் கொதிக்கிறது? வயிற்றுக்குள் என்னதான் வைத்திருக்கிறது இந்தச் சனியன்?

காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அடியில் இருந்த திருகைத் திறந்தாள். அடேயப்பா! செங்கல் சூளைச் சேறு மாதிரி துருத் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. மேலேயிருந்து ஊற்றினால் அடைப்பு இன்னும் இறுகும். கீழேயிருந்து தள்ளினால் என்ன? கீழ்க்குழாயைக் கழற்றிவிட்டு போர் மோட்டார் ஹோஸை அங்கே சொருகித் துணியால் இறுக்கினாள்.

"மோட்டாரப் போடுய்யா!"

"அன்பரசன் வர்ற அன்னிக்குத்தான் உனக்கு ஆராய்ச்சியா?" என்று முனகிக்கொண்டே தருமன் சுவிட்சைப் போட்டான்.

ரேடியேட்டர் கடகடவென்று உறுமியது. பிறகு வாய் வழியாகக் குபுக்கென்று கக்கியது. சரசுவின் புடவையெல்லாம் துரு. அதோடு ஒரு கட்டியும் வந்து விழுந்தது. எடுத்துப் பிய்த்துப் பார்த்தாள். உள்ளே நூல் சிக்கு, ஏலக்காய்த் தோல், கறுத்துப்போன லவங்கம் நாலைந்து!

தருமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ! நூலு, லவங்கம்... யாரோ செய்வினை வெச்சுட்டாங்க சரசு! தொடாத, கீழ போடு! அன்பரசன இப்பவே வரச் சொல்றேன்" என்று போனை எடுத்துக் காதில் வைத்தான்.

சரசு கீழே போடவில்லை. ஒரு லவங்கத்தை மூக்கருகில் கொண்டுபோனாள். வாசனை செத்து, துரு வீச்சம்தான் அடித்தது. லவங்கமும் ஏலக்காயும் பிரியாணியில் இருக்கும், சரி. நூல் ஏது? மூன்றும் ஒன்றாக எங்கே இருக்கும்? சட்டென்று பொறி தட்டியது.

"யோவ், ஆயுத பூஜைக்கு நூல் சுத்தி வெக்கிற கலசத் தண்ணிய எங்கய்யா ஊத்துவ?"

"வீடெல்லாம் தெளிப்பேன்."

"மிச்சத்த?"

போனுக்குள் அன்பரசன் அலோ, அலோ என்று கத்திக்கொண்டிருந்தான். தருமன் ஜீப்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"வருஷா வருஷமா?"

"கலசத்த அப்படியே கவுப்பேன். பசங்கள ஏத்திக்கினு போறியே, வழியில உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான்..."

வாய்வரை வந்த வசவு அவளுக்கு அங்கேயே நின்றுபோனது. சிரிப்புத்தான் வந்தது. "செய்வினை வெச்சவனுக்கு அக்கறையப் பாரு" என்றாள்.

தெளிந்த தண்ணீர் வரும்வரை தள்ளினாள். குழாய்களை மாட்டி, நல்ல தண்ணீரில் சூடு தணிக்கும் கூலண்ட் கலந்து ஊற்றினாள். சாயந்தரம் தருமனைப் பக்கத்தில் உட்கார வைத்து மலையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஓட்டினாள். அவன் கண் முள்ளை விட்டு நகரவில்லை. முள் பாதியைத் தாண்டவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் அன்பரசனின் லாரி நின்றது. சரசு வாயைத் திறப்பதற்குள் தருமன் குதித்து இறங்கினான்.

"இல்லப்பா, வண்டி குடுக்கல. நீ கெளம்பு."

லாரி போனதும் ஜீப்பின் ஜன்னல் பக்கம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அப்ப, இந்த வருஷம் தீர்த்தத்த எங்க ஊத்துறது?"

"என் தலையில ஊத்துய்யா," என்றாள் சரசு. "ஓட்டுறது நான்தான?"