நீல நிறப் பால் ட்ரே

முற்றத்தில் திரை கட்டி அத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி ஃபிசா கதவோரம் நின்றாள். காலையில் அத்தா போன செய்தி வந்து, வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூருக்கு விழுந்தடித்து ஓடி வந்தவளுக்கு இன்னும் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவள் வருவதற்குள் திரை கட்டிவிட்டார்கள்.

“கஃபன் துணி போட்டதும் காட்டுவாங்கம்மா. அதுவரைக்கும் இப்படி உக்காரேன்” என்றாள் அத்தாவின் தங்கை ஷம்ஷாத் குப்பி.

எங்கே உட்காருவது? கையிலிருந்த அத்தாவின் போன் அடித்தது.

“பாய், நான் மாளவிகா டாக்டர், அபிராமபுரம். காலம்பறயே என் கம்ப்யூட்டர் டிஸ்க்ல துளை போட்டு படம் அனுப்பறேன்னேளே, காணோமே? தப்பா நெனச்சுக்காதீங்கோ. கிளினிக்குக்கு வந்தவா விவரமெல்லாம் அதுல இருக்கு. ராத்திரி தூக்கமே வரல.”

அத்தா இறந்துவிட்டார் என்று சொல்ல ஃபிசாவுக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

“அவர் பொண்ணு பேசறேன் டாக்டர். இன்னைக்கே படம் வந்துடும்.”

பழைய கம்ப்யூட்டர், போன், பேட்டரி எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்து, முறையாக மறுசுழற்சி செய்யும் கம்பெனிக்கு அனுப்புவது அத்தா அப்துல் சமதின் தொழில். செம்புக்காக வயரைக் கொளுத்துகிறவனைக் கண்டால் மனிதர் சண்டைக்கே போய்விடுவார். டிஸ்க் விஷயத்தில் பிடிவாதம் இன்னும் ஒரு படி அதிகம். கம்பெனியில் எப்படியும் அரைத்துவிடுவார்கள். ஆனாலும் தன் வாசலைத் தாண்டுமுன், யாரும் படிக்க முடியாதபடி ஒவ்வொன்றிலும் டிரில்லால் துளை போட்டு, படம் எடுத்து, கொடுத்தவருக்கு அனுப்பினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். “வீட்டுச் சாவியையே நம்பிக் குடுத்த மாதிரிம்மா” என்பார். ஃபிசாவின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூடத் துளை போட்டுவிட்டுத்தான் வந்து சேர்ந்தார். அப்போது மேடையில் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

டிஸ்க்குகளை அவர் போட்டு வைக்கும் நீல நிறப் பால் ட்ரே முற்றத்தை ஒட்டிய மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கும். ஃபிசா போய்ப் பார்த்தாள். ட்ரே மட்டுமல்ல, அங்கே எதுவுமே இல்லை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

“குப்பி, இங்க இருந்த சாமானெல்லாம் எங்க?”

“மய்யித்தைக் குளிப்பாட்ட எடம் வேணாமா? ஜனம் வேற வருது. பாவம், கபாலிதான் அவனா வந்து எல்லாத்தையும் வண்டில ஏத்திட்டுப் போனான். பெருங்குடி கிடங்குல போட்டுடறேன்னான்.”

கபாலி காயலான் கடைகளுக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன். ரொம்ப நல்லவன், அதுதான் தொல்லை. எதையும் பிரித்துப் பார்க்காமல் ஏதாவது ஒரு கிடங்கில் இறக்கிவிட்டு வந்துவிடுவான். அங்கே ஓடுகிற டிஸ்க்கைத் தனியே எடுத்து விற்பார்கள். பிள்ளை வேண்டி டாக்டரிடம் அழுத பெண்களின் கதையெல்லாம் எவன் கையிலோ போய்ச் சேரும். கபாலியின் போன் அணைந்திருந்தது. அண்ணன் சைஃப் திரைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மற்ற ஆண்கள் குழி வெட்டக் கபர்ஸ்தானுக்குப் போயிருந்தார்கள்.

அவள் சைஃபின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“எங்கடி போற? மத்தியானம் லுஹர் தொழுகைக்குத் தூக்கிடுவாங்க!”

“அதுக்குள்ள வந்துடுவேன் குப்பி.”

சொன்னாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. மந்தைவெளி, அடையாறு என்று வழியில் தென்பட்ட மீன்பாடி வண்டியையெல்லாம் எட்டிப் பார்த்தாள். ஒன்றில் தண்ணீர் கேன், ஒன்றில் கல்யாண மண்டபத்து நாற்காலிகள். சிக்னலில் நிற்கப் பொறுக்காமல் கால் தரையைத் தட்டியது. அத்தாமேல் கோபம் கோபமாக வந்தது. நேற்றே போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? போகும்போதுகூட வேலை வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

திருவான்மியூர் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் வண்டி நின்றிருந்தது. கபாலி அதன்மேல் உட்கார்ந்து, கையிலிருந்த டீயைக் குடிக்காமல் அழுதுகொண்டிருந்தான்.

“இன்னா பாப்பா, நீ இங்க இன்னா பண்ற? பாய் அங்க கீறாரு...”

“நீல ட்ரே எங்கண்ணே? டிஸ்க் இருக்குமே, அது.”

“அடியில கீது. சாவு ஊட்டுல ஜனம் வர்றப்போ குப்பை இருக்கக் கூடாதேன்னு அள்ளிக்கினு வந்தேன். பாய்க்கு வேற இன்னா செய்யப் போறேன்? தப்பா பூடுச்சா?”

“இல்லண்ணே. ஆனா எதையும் கொட்டிடாதீங்க. எல்லாத்தையும் வீட்டுக்கே கொண்டாந்துடுங்க.”

அவன் மூட்டைகளை இறக்கி ட்ரேயை எடுத்து, ஸ்கூட்டரில் அவள் காலடியில் வைத்துக் கொடுத்தான்.

அடையாறு பாலத்தில் வண்டிகள் நகரவேயில்லை. சைஃப் கூப்பிட்டான்.

“எங்க இருக்க ஃபிசா? கஃபன் போட்டாச்சு. ஜமாத்துக்கு நேரமாச்சு. உனக்காகக் காத்திருக்கச் சொல்லட்டுமா?”

எதிரே பஸ்ஸின் முதுகு. காலடியில் ட்ரே. காத்திருக்கச் சொல் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்தால் போதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் இந்தப் பாலம் எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? தனக்காக ஊரையே நிற்க வைப்பது அத்தாவுக்குப் பிடிக்காது.

“எடுத்துடுங்கண்ணே” என்றாள். பிறகு ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதாள்.

அவள் வந்து சேர்ந்தபோது வீட்டில் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். முற்றம் இன்னும் ஈரமாக இருந்தது. கற்பூர வாசனை போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா ஜைதூன் பீ, மகளையும் ட்ரேயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“டிரில் அலமாரி மேல இருக்கு” என்றாள்.

“மய்யித்து வீட்டுல சத்தமா?” என்று குப்பி பதறினாள்.

“போடட்டும். அந்தச் சத்தம் இல்லாம இந்த வீடு எப்ப இருந்துச்சு?”

ஃபிசா மாடிப்படியின் கடைசிப் படியில், முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்து துளை போட்டாள். உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். எல்லாம் முடிந்ததும் டிஸ்க்குகளை வரிசையாக வைத்து, அத்தாவின் போனிலேயே படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

“ரொம்ப நன்றி பாய். நீங்க சொன்னா சொன்னதுதான்.”

உதிர்ந்த அலுமினியத் தூள் முற்றத்து ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதையும் வீணாக்காமல் கம்பெனிக்கு அனுப்ப, அத்தா ஒரு பால் பவுடர் டப்பாவில் சேர்த்து வைப்பார். ஃபிசா டப்பாவைப் பக்கத்தில் வைத்துக் குனிந்து, அவரைக் குளிப்பாட்டக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து தூளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுக்கத் தொடங்கினாள்.