அஞ்சலினாவின் ஐந்து அறைகளும் வாசலில் நின்ற நானும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் வெட்கத்தில் பிறந்தது. திருகோணமலைத் துறைமுகத்தருகே பழைய பண்டகசாலையொன்றை அருங்காட்சியகமாக்கி, பாலையூற்றுச் சிற்பி அஞ்சலினாவின் முப்பது வருட வேலையை வைத்திருந்தார்கள். சிலை ஒன்றுமில்லை, பலகையிலும் தகரத்திலும் கட்டிய ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் உட்கார ஒரு கதிரை. நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: ‘துறைமுகத்தின் நீல அலைகள்...’

(வேண்டாம். அந்த மண்டபத்துக்கு யன்னலே இல்லை.)

இரண்டாவது: கண்காட்சி தொடங்கிய மூன்றாம் நாள் காலை அஞ்சலினாவுக்கு அழுகை வந்தது. (இந்தத் தொடக்கம் பரவாயில்லை.) ஆள் உள்ளே போய் இருந்தால்தான் அவருடைய அறைகள் முழுமையாகும். வந்தவர்களில் ஒருவர்கூடப் படி தாண்டவில்லை. முப்பது வருடமும் விழலுக்கு இறைத்த நீர் என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

“என்ர வேலை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லைப் போல, தம்பி,” என்றார் காவலாளி முனீபிடம்.

“பிடிக்காம இல்ல, மிஸ். கதவு திறந்திருக்கு, கதிரை கிடக்கு, ஆளைக் காணல்ல. வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்குள்ள எப்படிப் போறது? நாங்க எண்டா மூண்டு தரம் சலாம் சொல்லிப் பார்ப்பம். பதில் இல்லாட்டித் திரும்பிடுவம்.”

(முனீப் இவ்வளவு கோர்வையாகப் பேசுவாரா? சந்தேகம்தான். வெட்ட மனம் வரவில்லை.)

3.

அஞ்சலினா ‘உள்ளே வரவும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை...

[இல்லை. பலகை கூப்பிட்டு யார் வீட்டுக்குள் போயிருக்கிறார்கள்?]

அவர் இரண்டாம் அறைக்குள் போய்க் கதிரையில் இருந்தார். கிண்ணியாவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஸல்ஹா வாசலில் தயங்கி, “வீட்டில ஆர்?” என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்.

“வாங்கோ, வாங்கோ! உள்ளுக்கு வந்து இருங்கோ.”

செருப்பைக் கழற்றிவிட்டு ஸல்ஹா வந்தார். பின்னாலே அவர் கூட்டமும். சுவரைத் தடவினார்கள், மாறி மாறிக் கதிரையில் இருந்தார்கள். “காத்து நல்லா வருது,” என்றார் ஸல்ஹா. (யன்னல் இல்லையென்று சொன்னேனே. அவருக்கு வந்தது.) அஞ்சலினாவுக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்று நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

4.

முடிவு. ஐந்து மணிக்கு முனீப் சாவியோடு வந்தார்.

“மிஸ், பூட்டணும்.”

“எப்படித் தம்பி? ஆக்கள் இருக்கினமெல்லோ. வந்தவையைப் போங்கோ எண்டு சொல்ல எனக்கு ஏலாது. நீங்கள் சொல்லுங்கோ.”

“எனக்கும் ஏலாது மிஸ். எங்கட ஊர் ஆக்கள்.”

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒரு வரி எழுதினால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். நான் எழுத மாட்டேன். போகச் சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள். ஆனால் அதற்கு உள்ளே வரவேண்டும். வந்தால் அஞ்சலினா முதலில் கதிரையைத்தான் காட்டுவார்.