ஆளுக்கு மூன்று நிமிடம்

எங்கள் மேயர் ராய்ஸ் டில்லரிக்கு வெளிப்படைத்தன்மை என்றால் உயிர். நகர மன்றக் கூடத்தின் மரக்கதவைக்கூடக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கதவு போட்டார்.

அந்தக் கண்ணாடி வழியாகத் தெரியாதது ஒன்றுதான். மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்த்து நகராட்சிக்காகப் பேச ஓர் ஆளை வரிப்பணத்தில் அமர்த்தியிருந்தார்களே, அவருடைய ஒப்பந்தம். அதை நகராட்சி இணையதளத்தில் போடச் சொல்லி, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னா குபிசெக் நாலு முறை எழுதிக் கொடுத்தார். கடைசியில் கையில் ஒரு பிரதி கிடைத்தது. தளத்தில் மட்டும் இடமில்லையாம். மேயர் மீன் பிடித்த படங்கள் இருநூறு அங்கேதான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வாக்கெடுப்பு. அதற்கு முன் ஊரார் யாரும் மூன்று நிமிடம் பேசலாம். மன்றத்தார் குறுக்கே பேசக் கூடாது. பதில் சொல்லும் தொல்லையே வேண்டாமென்று மேயர் கொண்டுவந்த விதி அது. கூட்டத்தின் காணொளிப் பதிவை மறுநாளே வெட்டாமல் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதும் அவர் விதிதான்.

வெர்னா ஒலிவாங்கியைத் தாழ்த்தி, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. அவர் விட்ட வரியிலிருந்து நான் படித்தேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

மேயருக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு வெர்னா இதெல்லாம்? ஆபீசுக்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பேனே."

"நாலு தடவை வந்தேன் ராய்ஸ். நீ மீன் பிடிக்கப் போயிருந்தே."

"மேயர், குறுக்க பேசக் கூடாது," என்றாள் மன்றச் செயலர் லுவான், தட்டச்சிலிருந்து தலை தூக்காமல். "உங்க விதிதான்."

ஒன்பதாம் பக்கம் முடிதிருத்துபவர் லானி பங்குக்கு வந்தது. அந்த ஆளின் தலையாய வேலை என்ன என்று அதில் இருந்தது. நகராட்சிகள் இப்படிப்பட்ட செலவை ஊருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற மசோதாவை முறியடிப்பது.

லானி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அதாவது, நாம காசு குடுக்கிறது நமக்கே தெரியக் கூடாதுன்னு பாத்துக்க, நாமளே காசு குடுக்கிறோம். சரியா படிச்சேனா?"

"சரிதான். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, படிங்க," என்றார் வெர்னா.

வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். காலையில் பதிவு தளத்தில் ஏறியது. முப்பத்துமூன்று நிமிடம், பின்னணியில் மேயரின் முகம். மத்தியானத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. ஒப்பந்தத்தையே போட்டுவிட்டால் பதிவை இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று மேயரிடம் யாரோ சொல்ல, இரண்டு மணிக்கு முழு ஒப்பந்தமும் தளத்தில் வந்தது. மீன் படங்களில் சிலவற்றைத் தியாகம் செய்தார் மேயர்.

இரண்டேகாலுக்கு லுவானின் தொலைபேசி அடித்தது.

"ஒப்பந்தத்துல அந்த ஆளோட சம்பளப் பக்கம் தலைகீழா இருக்கு, கண்ணு," என்றார் வெர்னா. "நேரா வைக்கிற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."