ஒன்பதாவது பாட்டு

வீட்டில் அவளை வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள்; உட்கார்ந்தாலும் வாய் சும்மா இருக்காது. பதினெட்டு வயது வரை அக்காவோடு சேர்ந்து மேடையில் சாஸ்திரிய சங்கீதம் பாடினாள். சகோதரிகள் என்று பெயர் வாங்கத் தொடங்கிய நேரத்தில், ஹோட்டலில் நடனத்துக்கு வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் பாடப் போய்விட்டாள். அங்கே கூட்டம் சேர்ந்ததும் சினிமாவுக்குத் தாவினாள். அவள் பாடிய ஒரு பாட்டு தெருவெல்லாம் ஒலித்த வருடம், சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்தாள்: முதலில் சோப்பு, டயர், இருமல் மருந்து விளம்பரங்களுக்கு, பிறகு ராக், ஜாஸ், நாடகம். எது கைக்கு வந்தாலும் மறுநாளே அவளுக்கு உள்ளங்கால் அரிக்கும்.

பத்திரிகைகள் அவளைக் கொண்டாடின. அக்கா மட்டும் ஒரு பேட்டியில், தங்கை பாடாத வகையே இல்லை, முடித்துவிட்டு வந்த வேலையும் இல்லை என்று சொல்லியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து இரண்டு வருடமாக வண்டு அவளிடம் பேசவில்லை.

அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாள். முப்பது வருடமாக அதே சங்கீதம், அதே ஐந்தரைக் கட்டைச் சுருதி. ஐம்பது வயதில், ஒரு கச்சேரியின் நடுவே, மேலே எட்ட வேண்டிய ஸ்வரம் எட்டவில்லை. இருமல் வந்ததுபோல் பாவனை செய்து சமாளித்தாள். தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, குரல் இறங்கியிருக்கிறது, இனி இதுதான் உங்கள் குரல் என்றார். கச்சேரி ஏற்பாடு செய்பவர்கள் பாராட்டு விழா நடத்தலாமா என்று கேட்டார்கள். வழியனுப்பி வைக்கப் பார்க்கிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை அவள் வண்டுவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பேட்டியைப் பற்றிப் பேசவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னாள்:

"நான் பாடின எதுவுமே இந்தக் குரலுக்குப் பொருந்தல. மாறுறது எப்படின்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

வண்டு மன்னிப்பை எதிர்பார்த்திருந்தாள். இது அதைவிடக் கனமாக இருந்தது. இறங்கிய குரலுக்கு ஏற்றபடி மூன்று கட்டைச் சுருதியில் ஒன்பது புதுப் பாட்டு, மூன்று மாதம் என்று அங்கேயே ஒத்துக்கொண்டாள்.

அக்காவின் கணவர், வண்டுவின் அத்தான், பல் டாக்டர். கிளினிக்குக்கு மேலிருந்த அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுவரெல்லாம் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டும் கீழேயிருந்து பல் துளைக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அக்காவுக்கு எரிச்சல். வண்டுவோ அந்தச் சத்தத்தின் சுருதியைப் பிடித்து, அதன்மேலேயே நான்காவது பாட்டைக் கட்டினாள். பாட்டு நன்றாக வந்தால் அது தன் நோயாளிகளின் புண்ணியம் என்றார் அத்தான்.

முதல் மாதம் அக்கா அடிக்கடி அழுதாள். குரல் பழக்கத்தில் மேலே போகப் பார்த்து, கிறீச்சிட்டு நிற்கும். "மேல போகாத, அகலமாப் போ" என்று வண்டு நூறு தடவை சொல்லியிருப்பாள். எட்டாவது வாரம் அக்காவின் குரல் அடியில் உறுதியாகக் கால் ஊன்றியது. அந்த வாரம்தான் வண்டுவுக்கு அறை சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். பேனா மூடிகளைக் கடித்துத் துப்பினாள்.

பதினோராவது வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு நாடக இயக்குநர் போன் செய்தார். அவருடைய இசையமைப்பாளர் படுத்துவிட்டார்; நாற்பது பேர் சேர்ந்து பாடும் நாடகம்; சனிக்கிழமைக்குள் வர முடியுமா? வண்டு யோசிக்காமல் சரி என்றாள். எட்டுப் பாட்டு முடிந்திருந்தது. ஒன்பதாவதில் முதல் வரிக்கு மட்டும் மெட்டு இருந்தது.

"இன்னும் ஒரு வாரம்தானே" என்றாள் அக்கா.

"அதுக்குள்ள அங்க வேற ஆளப் பிடிச்சிடுவாங்க."

அக்கா தாள்களை அடுக்கி உறையில் போட்டாள். "போ. நீ போறது எனக்கென்ன புதுசா?"

விமானத்தில் வண்டு ஒன்பதாவது பாட்டை முடிக்கப் பார்த்தாள். மனம் அதற்குள் நாற்பது குரல்களிடம் ஓடியிருந்தது. போய்ச் சேர்ந்தபின் நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வாரம் ஓடிவிட்டது. அக்காவிடமிருந்து போனும் இல்லை.

ஒருநாள் மதியம் ஒத்திகை இடைவேளையில், அக்கா பாடிய பாட்டுகளின் முழுப் பதிவும் போனுக்கு வந்து சேர்ந்தது. அரங்கின் பின்படியில் உட்கார்ந்து கேட்டாள். எட்டுப் பாட்டும் அவள் போட்டபடியே இருந்தன. அடுத்து ஒன்பதாவது ஒலித்தது. முதல் வரி அவளுடையது. அதன்பின் பாட்டு அவளுக்குத் தெரியாத திசையில் போனது. அடி ஸ்வரம் ஒன்றில் அக்கா நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வண்டுவாக இருந்தால் இரண்டாவது தாளத்தட்டிலேயே நகர்ந்திருப்பாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நடந்தாள். திரும்பி வந்து மறுபடி கேட்டாள். நெஞ்சில் முதலில் ஏறியது பொறாமைதான். நாலாவது முறை கேட்கும்போது கண் நனைந்திருந்தது.

உடனே போன் செய்தாள். "இத யாரு போட்டதுக்கா?"

"நான்தான். வேற வழி?" அக்காவின் குரலில் கோபம் பாதிதான் மிச்சம் இருந்தது. எட்டுப் பாட்டையும் விட்டுவிட்டு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றாள், கொஞ்சம் கூச்சத்தோடு. கச்சேரிக்குத் தேதி குறித்தாயிற்று. பாராட்டு விழாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வண்டு தான் பாதியில் விட்டுப் போனது தப்பு என்றாள். வாழ்நாளில் முதல் முறையாக அதைச் சொல்கிறாள். அக்கா பேச்சை மாற்றினாள்.

"அது கிடக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லு. இத முடிச்சதுலேருந்து சோறு இறங்கல, ஒரு இடத்துல உட்கார முடியல. வேற வேற மெட்டா வந்துக்கிட்டே இருக்கு. எப்படி இத நிறுத்துறது?"

"தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ நிறுத்தியிருப்பேனேக்கா."

உள்ளே ஒத்திகைக்கு மணி அடித்தார்கள். வண்டு போகவில்லை. வந்த மெட்டுகளில் ஒன்றைப் பாடிக் காட்டச் சொன்னாள்.