அறுபது கப் ஸ்ட்ராபெரித் தயிர்

வசுமதி ஏழாவது முறையாகப் பெட்டியைத் திறந்தாள். ஏழு முறையும் பால் பாலாகவே இருந்தது. வெள்ளை ஐஸ் பெட்டி, அதற்குள் போர்வை, போர்வைக்குள் ஒன்பது லிட்டர் பாத்திரம். மதியம் ஒரு மணிக்கு உறை ஊற்றியது. இப்போது மணி ஏழு.

நாளைக் காலை பத்து மணிக்கு ரிங்லெட் டவுன் விடுதியின் வேன் வந்துவிடும். அறுபது கப். பிடித்தால் வாரா வாரம் எடுப்போம், இல்லையென்றால் தானா ராத்தாவில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இதை நம்பித்தான் அவள் தேயிலை பேக்கிங் வேலையைப் போன மாதம் விட்டிருந்தாள். ஸ்ட்ராபெரியைச் சீனி போட்டுக் காய்ச்சி ஆறவைத்தாயிற்று. கப்புகளைக் கழுவிக் காயவைத்து லேபிள்கூட ஒட்டியாயிற்று. தயிர்தான் இல்லை.

கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள். துளிகூடப் புளிப்பில்லை. அப்போதுதான் செய்த முட்டாள்தனம் புரிந்தது. மலைக் குளிருக்குப் பயந்து அந்தத் தோட்ட லைன் வீடுகளில் எல்லோருமே பால் சுடச்சுட இருக்கும்போதுதான் உறை ஊற்றுவார்கள். வீட்டுச் சட்டியில் ஒரு போத்தல் பால், கலக்குவதற்குள் ஆறிவிடும். ஒன்பது லிட்டரைப் போர்வைக்குள் பொத்தி வைத்தால் எங்கே ஆறும்? உறை வெந்தே செத்திருக்கும். நல்லவேளை, பால் கெடவில்லை. இப்போது பதமான இளஞ்சூட்டில்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இருந்த உறை முழுவதையும் இந்த மகராசியே மதியம் ஊற்றித் தொலைத்திருந்தாள். ரிங்லெட் கடைக்கு ஓடலாமென்றால், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கணவன் ராத்திரி வேலைக்குப் போயிருந்தான்.

பக்கத்து வீட்டு ஜெயாவிடம் தயிர் இருந்தது. ஜெயா வீட்டுச் சாமி மேடையில் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகு தயிரோ உப்போ வாசல் தாண்டக் கூடாது. தெரிந்தும் வசுமதி போய் நின்றாள்.

"ஜெயா, ஒரு கிண்ணம் தயிர் குடு. என் உறை செத்துப்போச்சி."

"வெளக்கு வெச்சாச்சிலா, வசு."

"தெரியும். எனக்கு வேற வழியில்ல."

"போன வருசம் இப்படித்தான் ஒருத்திக்கு எடுத்துக் குடுத்தேன். மறுநாளே இவரு லோரி பள்ளத்துல. மூணு மாசம் கால்ல கட்டு. இன்னிக்கும் திரிங்காப்புல முட்டைக்கோஸ் ஏத்திக்கிட்டு ராத்திரியில மலை எறங்குறாரு. கேக்காதலா."

வசுமதிக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். லேபிள் ஒட்டிய காலிக் கப்புகளைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜெயா உள்ளே வந்தாள். கையில் துண்டு மூடிய கிண்ணம். வசுமதி ஆவலாகக் கையை நீட்ட, ஜெயா கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தொடாத. ஒனக்கு நான் குடுக்கல. நானே ஊத்துறேன். கிண்ணம் என்கூடவே திரும்பி வந்துரும்."

அப்படியொரு சட்டம் எந்த ஊரிலும் கிடையாது. அது இருவருக்குமே தெரியும். ஜெயா ஊற்றிக் கலக்கினாள். மூடி, போர்வையைச் சுற்றிவிட்டு, "இனிமே தொறந்தே, கைய ஒடைச்சிருவேன்" என்றாள்.

வசுமதி திறக்கவில்லை. தயிர் நினைப்பே அவளுக்கு இல்லை. லோரி சத்தம் கேட்குமா என்று காது முழுக்க ரோட்டில்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயா நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிந்தபோது தயிர் கட்டியாக உறைந்திருந்தது. குளிரவைத்து, பழம் கலந்து, கப்புகளில் ஊற்றி மூடியை அழுத்தினாள். அறுபதும் நிறைந்தன. சந்தோஷம்தான் வரவில்லை. லோரி இன்னும் திரும்பவில்லை.

ஒன்பது மணிக்கு வளைவில் ஹாரன் கேட்டது. ஜெயாவின் கணவன் திருமாறன் கொட்டாவி விட்டபடி இறங்கி, "தாப்பாவுல ஒரே ஜாம்" என்றான். இரண்டு பெண்களும் அவனை இப்படி உற்றுப் பார்ப்பது எதற்கென்று விழித்தான்.

பாத்திரத்தை வழித்து நிரப்பிய அறுபத்தோராவது கப்பை வசுமதி ஜெயாவிடம் நீட்டினாள். ஜெயா ஒரு வாய் தின்றாள்.

"நல்லாருக்கு. அடுத்த வாரத்துக்கு உறை எடுத்து வெச்சியா?"

வசுமதி வழித்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு கரண்டி மிச்சமில்லாமல் பழத்தைக் கலந்து தொலைத்திருந்தாள்.

ஜெயா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய், நேற்றைய அதே கிண்ணத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். "இந்தா, புடி" என்று அவள் கையிலேயே கொடுத்தாள்.