இரண்டாவது கண்ட்ரோலர்

நத்தைக்கு விளையாட வராது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கடைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும், அவளே கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் பிழைப்பே விளையாட்டுதான். சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சாவி போடுகிறவருக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் அவள் கடை. பழைய வீடியோ கேம் கன்சோல்களைப் பிரித்து, செத்துப்போன பாகங்களை மாற்றி, இப்போதைய டிவியில் பளிச்சென்று படம் வருகிற மாதிரி செய்து கொடுப்பாள். முடி பருமன்கூட இல்லாத கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டும்போது அவள் விரல் ஒரு துளி நடுங்காது.

வேலை முடிந்ததும் படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்ப்பாள். பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிற ஒரு சின்னப் பெட்டியை அவளே செய்து வைத்திருந்தாள். அதில், கையில் பிடித்து ஆடுகிற கண்ட்ரோலரைச் சொருகி ஒவ்வொரு பட்டனாகச் சோதிப்பாள். அவ்வளவுதான்.

"ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கக்கா" என்று யாராவது சொன்னால், "எனக்குக் கை ஓடாதுப்பா, நீங்களே ஆடிக்கோங்க" என்று நகர்ந்துவிடுவாள்.

நத்தை என்ற பேரை வைத்தவன் அண்ணன். சின்ன வயதில் அப்பா எங்கிருந்தோ ஒரு கன்சோல் வாங்கி வந்தார். இரண்டு கண்ட்ரோலரும் பெட்டியோடு ஒட்டிப் பிறந்தவை, கழற்ற முடியாது. முதலாவது அண்ணனுக்கு, இரண்டாவது தங்கைக்கு. "மாத்தினா சண்டை வரும், அவங்கவங்க அவங்கவங்களோடதை வச்சுக்கோங்க" என்பது அம்மா போட்ட சட்டம். அதில் ஒரு ஓட்டப் பந்தயம் உண்டு. சிவப்புச் சட்டைக்காரன் மேலே ஓடுவான், பச்சைச் சட்டைக்காரன் கீழே ஓடுவான். குழி வந்தால் ஒரு தட்டு தட்டினால் தாவுவான். தாவும்போதே இன்னொரு தட்டு தட்டினால் சட்டென்று கீழே இறங்கிவிடுவான். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தங்கையின் பச்சைச் சட்டைக்காரன் குழிக்குக் குழி விழுந்தான். அவள் கட்டைவிரல் வலிக்க வலிக்கத் தட்டினாள், பட்டனோடு மல்லுக்கு நின்றாள், அப்படியும் விழுந்தான். "கை இல்லடி அது, நத்தை" என்று அண்ணன் உருண்டு உருண்டு சிரித்தான்.

பேர் ஒட்டிக்கொண்டது. பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்கு அவள் பேர் கொடுக்கவில்லை. வளர்ந்த பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, குறுக்கே ஏதாவது வந்தால் கை ஓடாதே என்று பயம். இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். அண்ணன் கல்யாணமாகித் தனியாகப் போனபோது கன்சோலையும் தூக்கிக்கொண்டு போனான். அது உனக்கா எனக்கா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அம்மா மட்டும் நத்தையோடு வந்து இருந்துகொண்டாள்.

இத்தனை வருஷம் கழித்து அண்ணன் அதே கன்சோலைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான்.

"புது டிவி வாங்கியிருக்கேன், சுவர் அளவுக்கு. இதை அதுல ஓடுற மாதிரி பண்ணிக் குடு. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வரேன், முதல் ஆட்டம் உன்னோடதான். உன்னைக் கதற விட்டு நாளாச்சு."

"கதறுறேன், கதறுறேன். வச்சுட்டுப் போ" என்றாள்.

ஊராருக்கு எத்தனையோ செய்து கொடுத்தாயிற்று, அண்ணனுக்குச் செய்ய மாட்டாளா? மறுநாள் கடை திறந்ததும் அதைத்தான் முதலில் பிரித்தாள். உள்ளே தூசி பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. கசிந்திருந்த கெப்பாசிட்டர்களை எடுத்துப் புதிது வைத்தாள். ஆண்டெனா ஒயருக்குப் போகிற பழைய வழியை அறுத்துவிட்டு, படத்தைச் சுத்தமாக வெளியே எடுக்கிற சின்ன போர்டு ஒன்றைப் பொருத்தினாள். படம் வந்தது, கண்ணாடி துடைத்தது போல. கடைசியாகக் கண்ட்ரோலர்கள். முதலாவதில் அழுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் திறந்து, தாவுகிற பட்டனின் ரப்பரைத் தூக்கினாள்.

ரப்பருக்கு அடியில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். பட்டனை அமுக்கினால் அது கீழே இருக்கிற செம்புக் கோடுகளில் படும், பட்டால்தான் ஆள் தாவுவான். அந்தச் செம்புக் கோடுகளின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காயத்துக்குக் கட்டு போடும்போது ஒட்டுவார்களே, அதே பிளாஸ்திரி, பழுத்து மஞ்சளாகி. முழுக்க மூடவில்லை. ஓரத்தில் நூலளவு இடம் விட்டிருந்தது. அதாவது பட்டன் செத்துப்போகவில்லை. பத்து தரம் தட்டினால் எப்போதாவது ஒரு தரம் பிடிக்கும். செத்துப்போன பட்டன் என்றால் பிள்ளை கண்டுபிடித்துவிடுவாளே! இது கண்டே பிடிக்க முடியாத வேலை.

நத்தைக்குக் காது மடல் சுட்டது. பாவி, படுபாவி! இதைச் செய்துவிட்டா உருண்டு உருண்டு சிரித்தான்? கையில் போனை எடுத்துவிட்டாள். அண்ணன் பேரை அமுக்கப் போன விரல் அப்படியே நின்றது.

பிளாஸ்திரியின் நாலு மூலையும் வளைவாக வெட்டப்பட்டிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பிளாஸ்திரியை மூலை வளைத்துத்தான் வெட்டுவாள், கூரான மூலை துணியில் பட்டு உரியும் என்பாள். அன்று காலையில்கூடத் தன் மாத்திரை டப்பாவில் விரிசல் விட்ட மூடிக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டினாள், நாலு மூலையும் வளைத்து. அண்ணனுக்கு அந்த வயதில் கத்தரிக்கோலால் ஒரு நேர்கோடு வெட்டத் தெரியாது. நத்தை கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒயரை அறுத்து எடுத்து வந்திருந்த கண்ட்ரோலரின் உள்பலகையை நத்தை அவள் மடியில் வைத்தாள்.

அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கேன். இன்னும் உரியலையே" என்றாள்.

நத்தை அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? வாங்கின புதுசுல நீதான் ஜெயிச்சே. சின்னது, அவன் இடுப்பளவுகூட இல்ல, தொட்டதெல்லாம் ஜெயிச்சே. அவன் தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சான். சாப்பிட மாட்டேன்னு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். டூட்டி முடிஞ்சு வந்து உங்களுக்குப் பஞ்சாயத்து பண்ண எனக்குத் தெம்பு இருந்துச்சா? யாராவது ஒருத்தர் தோத்துத்தானே ஆகணும். நீ தோத்தாலும் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டுடுவே."

"நான் ஜெயிச்சேனா?"

"ஜெயிச்சே, ஜெயிச்சே. அதுக்கென்ன இப்போ?"

நத்தைக்கு அது நினைவே இல்லை. ஜெயித்தது நினைவில்லை, விழுந்தது மட்டும்தான் நினைவிருந்தது. "என் கையே ஓடாதுன்னு நெனச்சுட்டேனேம்மா. வண்டிகூட ஓட்டலையே" என்றாள்.

"வண்டி ஓட்டி எங்க போகப் போறே?" அம்மா மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்தாள். "பெரியவன்கிட்ட இதையெல்லாம் சொல்லித் தொலைக்காதே. மனசு விட்டுடுவான்."

நத்தை கடைக்குத் திரும்பிப் பிளாஸ்திரியை உரித்து எடுத்தாள். செம்பைத் துடைத்துப் பளபளப்பாக்கி, விளக்குப் பெட்டியில் வைத்துச் சோதித்தாள். தட்டினால் எரிந்தது, ஒவ்வொரு தட்டுக்கும் எரிந்தது. ஒயரை மறுபடி ஒட்டி மூடினாள். அவளுக்கு அண்ணனைத் தோற்கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. தன் கை என்ன கை என்று ஒரே ஒரு தரம் தெரிய வேண்டும். வேறு யாரோடு ஆடினாலும் அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அம்மா விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று அண்ணனுக்குப் பிடித்ததாக நாலு வகை செய்து மூடி வைத்திருந்தாள். அண்ணன் படத்தைப் பார்த்து, "அடேயப்பா, புதுசு கணக்கா இருக்கே!" என்று தங்கை தோளில் தட்டினான். பழைய பழக்கத்தில் முதல் கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நத்தை இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

முதல் குழி வந்தது. பச்சைச் சட்டைக்காரன் தாவினான், தாவிய வேகத்தில் தொப்பென்று குழிக்குள் விழுந்தான். இரண்டாவது குழி, அதே கதை. என்ன கொடுமை இது? பட்டன் சரியாகத்தானே இருக்கிறது! மூன்றாவது குழியில்தான் நத்தை தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது ஒரு தட்டு தட்டவில்லை. தடதடவென்று மூன்று நாலு தட்டு தட்டியது. பிடிக்காத பட்டனோடு மல்லுக்கு நின்று பழகிய விரல் அது. முதல் தட்டில் அவன் தாவ, இரண்டாவது தட்டில் இவளே அவனைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்திரியைப் பலகையிலிருந்து உரித்தாயிற்று, விரலிலிருந்து யார் உரிப்பது?

அண்ணன் ஜெயித்தான். "நத்தை நத்தைதான்!" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். "நான் சொன்னேன்ல?"

அம்மாவின் முகம் தெளிந்தது. "சரி சரி, எழுந்திருங்க. சாப்பாடு ஆறுது."

"இன்னொரு ஆட்டம்" என்றாள் நத்தை.

"போதும்டி."

"இன்னொண்ணும்மா."

இந்த முறை அவள் ஒரு தட்டு தட்டினாள், உடனே விரலைப் பட்டனிலிருந்து தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டாள். விரல் துடித்தது, இன்னொன்று தட்டு தட்டு என்று கெஞ்சியது. தட்டவில்லை. பச்சைச் சட்டைக்காரன் குழியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றான். அடுத்ததையும் தாண்டினான். அப்புறம் அவளுக்கு விரலைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. குழி வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கைக்குத் தெரிந்தது. அடடா, இதுதானா! இதற்காகத்தானா மனிதர்கள் பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைகிறார்கள்! அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அம்மா பின்னால் வந்து குனிந்தாள். காதருகில், மற்றவர்களுக்குக் கேட்காமல், "விட்டுக் குடேன்டி" என்றாள்.

நத்தை விட்டுக் கொடுக்கவில்லை. பச்சைச் சட்டைக்காரன் கோட்டைத் தாண்டியபோது சிவப்புச் சட்டைக்காரன் திரையிலேயே இல்லை.

அண்ணன் தன் கண்ட்ரோலரை ஆட்டிப் பார்த்தான். பட்டனை நாலு தரம் குத்தினான். நரை விழுந்த மனுஷனுக்குக் கீழுதடு பிதுங்கிக்கொண்டு வந்தது.

"இது பிடிக்கவே மாட்டேங்குது. முதல் ஆட்டத்துல நல்லாத்தானே இருந்துச்சு? நீதானே பிரிச்சே. என்னத்தப் பண்ணி வச்சே என்னோடதுல?"

நத்தை அம்மாவைப் பார்த்தாள். உலகத்தில் தன்னைத் தவிர இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள்தானே, வாயைத் திறப்பாள் என்று பார்த்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள்.

"கேக்குறான்ல, சொல்லேன்டி. அவனோடதுல என்ன பண்ணினே?"

நத்தை எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். முதல் கண்ட்ரோலரைத் தரையில் வைத்து அங்கேயே பிரித்து, உள்ளே விரித்துக் காட்டினாள். "பாரு. உன்னோடதுல எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல. என்னோடதுலதான் இருந்துச்சு. யார் ஒட்டினாங்கன்னு அம்மாவைக் கேளு."

"என்ன ஒட்டினது?" அண்ணன் அம்மாவைப் பார்த்தான்.

"அவ ஏதோ உளறுறா. நீ வந்து சாப்பிடுப்பா" என்றாள் அம்மா.

அண்ணன் சாப்பிடவில்லை. பசியில்லை என்றான், தலை வலிக்கிறது என்றான், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். கன்சோலை அப்படியே விட்டுவிட்டான். அண்ணி நத்தையின் கையைத் தொட்டுவிட்டு அவன் பின்னால் போனாள். அம்மா டப்பாவில் போட்டுக் கட்டிக்கொண்டு வாசல்வரை ஓடினாள். கொண்டு போன டப்பா போன கையிலேயே திரும்பி வந்தது.

"திருப்திதானே? புள்ளை பட்டினியாப் போறான்" என்று அம்மா வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "போ, போய்ச் சாப்பிடு. உனக்கென்ன, எது நடந்தாலும் நீ சாப்பிட்டுடுவே."

நத்தை தட்டு போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. எழுந்து போய்த் துப்பிவிட்டுத் தட்டை மூடினாள்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. வண்டி திரும்பி வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.